ஒரு டிரெய்லர் உப்பு

அத்தியாயம் 11

போன வாரம் பள்ளிக்கூடத்து பி.டி. மிஸ் பிரிசில்லா வீட்டுக்கு வந்து, ஒரு வாய்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியைக் கலியபெருமாள்தான் குடித்தான். ஆறிப்போயிருந்தது. "நல்ல பொம்பளதான்" என்றான். அவன் மனைவி மலர்கொடி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிரிசில்லா மிஸ்ஸின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

மிஸ் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. "உங்க பொண்ண ஓட விடுங்கம்மா. அதுக்கு முன்னால பாண்டிக்குக் கூட்டினு போய் நெஞ்சுக்கு ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுங்க."

முதல் பாதியைக் கேட்டதும் மலர்கொடிக்குக் கோபம் வந்தது. இரண்டாவது பாதியில் பயம் வந்தது. கோபத்தைக் காட்டி மிஸ்ஸை அனுப்பிவிட்டாள். பயம் போகாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

பூங்குழலி பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய அண்ணன் வெற்றிச்செல்வன் இரண்டு வருஷத்துக்கு முன் அதே பள்ளிக்கூட கிரவுண்டில், மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போது, ஓடிக்கொண்டே இருந்தவன் விழுந்தான். தடுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்துக் கூட இருந்த பையன்கள் முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சில பேர் இன்னும் சரியாகத் தூங்குவதில்லை.

கருமாதி முடிந்ததும் கலியபெருமாள் ஒரு வேலை செய்தான். மற்ற ஊர்களில் காற்று கருப்பு அண்டாமலிருக்க ஒரு கைப்பிடி உப்பைச் சுற்றிப் போடுவார்கள். உப்பு விளைகிற மரக்காணத்தில் கைப்பிடியில் நிறுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. உப்பளத்து ஆட்கள் டிராக்டரில் ஒரு டிரெய்லர் உப்பை ஏற்றிக்கொண்டு வந்து, பையன் விழுந்த இடத்தில் தொடங்கி கிரவுண்டு முழுக்க வாரி இறைத்தார்கள். அவன் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது, அடங்கட்டும் என்று.

அடங்கியது புல்தான். இரண்டு மழைக்காலம் போனதும் கிரவுண்டு இன்னொரு அளமாகிவிட்டது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் தரையெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கண் கூசும். ஹெட்மாஸ்டர் விஜயகுமார் இதற்காக ரொம்ப வருத்தப்பட்டார் என்று சொல்ல முடியாது. கேட்டைப் பூட்டினார். பி.டி. பீரியடையெல்லாம் கணக்குக்குக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கணக்கில் மார்க்கும் ஏறியது, உடம்பில் எடையும் ஏறியது. முதலாவதற்கு மட்டும் விழா எடுத்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மாசி பிறந்துவிட்டது. அளத்தில் பாத்தி மிதிக்கிற நாட்கள். மழையில் இளகிய களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான், பின்னால் விளைகிற உப்பில் மண் ஏறாது. பெண்கள் தோளோடு தோள் நின்று, குதிகாலை அழுத்தி, ஒரே தாளத்தில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மலர்கொடிக்குப் பக்கத்தில் மங்கம்மா.

"மலரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா அழுவக் கூடாது."

"சொல்லாம இரு. அழுவ மாட்டேன்."

மங்கம்மாவால் சொல்லாமல் இருக்க முடியாது என்பது அளத்துக்கே தெரியும். "ஸ்கூல் கிரவுண்டுல தடம் இருக்குதாம்டி. கேட்டு பூட்டுனது பூட்டுனபடி இருக்குது. வெள்ளையா பூத்துக் கெடக்குது இல்ல, அதும் மேல. சுத்திச் சுத்தி ஓடுன தடம். ஒரே ஆளுது."

"யாருதாம்?"

"பசங்க… வெற்றி அண்ணன்தான் ஓடுதுன்னு பேசிக்குதுங்க."

மலர்கொடி மிதிப்பதை நிறுத்தவில்லை. வரிசையில் ஒருத்தி நின்றால் மற்ற எல்லோருடைய காலும் குழம்பும். வரப்பு வரும்வரை மிதித்துக்கொண்டே போனாள். வரப்பில் ஏறியதும் காலைக்கூடக் கழுவாமல், பழைய உப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த கலியபெருமாளிடம் போய் நின்றாள்.

"வண்டிய எடுய்யா."

"எங்க?"

"ஸ்கூலுக்கு."

"பாப்பாவுக்கு இன்னா?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. உன் மொவன் ஓடறானாம்."

கலியபெருமாள் கையிலிருந்த சாக்கை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். அப்புறம் டி.வி.எஸ்.ஸை ஸ்டார்ட் செய்தான்.

இரண்டு பக்கமும் அளம், நடுவில் ரோடு, முகத்தில் உப்புக் காற்று.

"அவ்ளோ உப்பு போட்டமேடி" என்றான் கலியபெருமாள். கொஞ்ச தூரம் போனதும், "பத்தலியோ?" என்றான்.

"அளத்துலயே பொறந்து வளர்ந்த புள்ளய்யா அவன். அவன உப்பு போட்டு வெரட்ட முடியுமா?"

கலியபெருமாள் அதை யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பள்ளிக்கூடம் அன்றைக்குத் தனிக் களையோடு இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தினமும் ஒரு மணி நேரம் ஆடி ஓட வேண்டும், அதற்குப் படம் அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. சாயங்காலத்துக்குள் படம் போயாக வேண்டும். ஹெட்மாஸ்டர் ஒன்பதாம் வகுப்பை வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, ஒரு காலை முன்னால் வைக்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடற மாதிரி நில்லுங்க. டேய், அசையாதடா, படம் கலங்குது. ஓடறப்ப சிரிக்கணும். சிரி."

உடற்பயிற்சிக்காக அந்தப் பள்ளியில் பிள்ளைகள் அவ்வளவு ஆடாமல் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

உத்தரவுக்காகக் கிரவுண்டு கேட் அன்று திறந்திருந்தது. உள்ளே பிரிசில்லா மிஸ் வேறு முறையில் உத்தரவை நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். தரையை இறுக்க ரோலர் கேட்டிருந்தாள். ரோலருக்கு மனு மேலே போயிருந்தது, மனு இன்னும் கீழே வரவில்லை. ஆகையால் பிளஸ் ஒன் பிள்ளைகளை வெறுங்காலோடு வரிசையாக நிறுத்தி, "நாமதான் ரோலர்" என்று சொல்லிவிட்டாள். பாதிப் பேர் அளத்து வீட்டுப் பிள்ளைகள், மிதிக்கத் தெரியும். மீதிப் பேர் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள்.

"டேய் அருண்ராஜு, குதிக்காதடா, மிதிடா. சாமி வந்தவனாட்டம் ஆடற" என்றான் பக்கத்தில் மிதித்தவன்.

"எங்க ஊட்டுல மண்ண மிதிக்கிற பழக்கமெல்லாம் கெடையாது. நாங்க டைரக்டா தண்ணிதான்."

"அதான் தண்ணி மேல நடந்து வந்து பரீட்ச எழுதறியா, பேப்பரு ஈரமாவே இருக்குது."

சிரிப்பும் வியர்வையுமாக வரிசை நகர்ந்தது. ஆனால் கிரவுண்டின் நடுவில் ஓர் இடம் வந்ததும் ஒருவரும் சொல்லாமலே எல்லாரும் திரும்பினார்கள். அதற்கு அந்தப் பக்கம் தரை இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. மிஸ் கூப்பிட்டும் யாரும் போகவில்லை. பின்பக்கச் சுவரில் ஒரு மாடு நுழைகிற அளவுக்கு ஓட்டை உண்டு. ஆவிக்குச் சுவர் ஒரு தடையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், ஓட்டையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பூங்குழலி புங்க மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் வாட்சுகளையும் ஷூக்களையும் காவல் காத்துக்கொண்டிருந்தாள். மடியில் கணக்குப் புத்தகம். இரண்டு வருஷமாக அதுதான் அவளுடைய விளையாட்டு.

"அம்மா, நீங்க வந்தது நல்லதாப் போச்சு" என்று வந்த பிரிசில்லா மிஸ், மலர்கொடியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

மலர்கொடி அவளைத் தாண்டி, பிள்ளைகளின் வரிசையைத் தாண்டி, வெள்ளைத் தரைக்குப் போனாள். மிதித்துக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

தடம் இருந்தது.

வெள்ளைப் பூப்பு உடைந்து அடியிலிருந்த களிமண் கறுப்பாகத் தெரிந்தது. முன்பாதம் அழுந்தி, குதிகால் லேசாகப் பட்டு, ஓடுகிறவனின் தடம். இடது கால் நேராக. வலது கால் வெளியே திரும்பி.

மலர்கொடி அதன் பக்கத்தில் குந்தினாள். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வெற்றிக்கு வலது கால் அப்படித்தான். "கோணக்காலா, நேரா நடடா" என்று எத்தனை முறை திட்டியிருப்பாள். அந்தக் கோணக்காலை வைத்துக்கொண்டுதான் ஒன்றியத்தில் எல்லாரையும் முந்தினான்.

"இன்னாடா கண்ணு" என்றாள் தடத்தைப் பார்த்து. சத்தமாகத்தான் சொன்னாள். "வெறுங்காலோட ஓடறியே. உப்பு அறுக்கும்டா."

காற்று வெள்ளைத் தூளை எடுத்துத் தடத்துக்குள் கொஞ்சம் போட்டது. அவள் அதை விரலால் ஒதுக்கினாள். உள்ளங்கையை விரித்துத் தடத்தின் மேல் வைத்தாள். கட்டை விரலிலிருந்து குதிகால் வரை தடவிப் பார்த்தாள். சின்னதாக இருந்தது. அவன் கால் இதைவிடப் பெரிது, அவனுக்கு ஷூ வாங்க பாண்டி முழுக்க அலைந்திருக்கிறாள். செத்தவர்களுக்குக் கால் வளராது என்பது சரி. குறையுமா? இதை யாரிடம் கேட்பது?

பின்னால் ஆள் வரும் சத்தம். கலியபெருமாள், கோயிலுக்குள் வருகிற மாதிரி செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"அவந்தானா?" என்றான்.

மலர்கொடி திரும்பினாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வந்த வழியைப் பார்த்தாள். வெள்ளைத் தரையில் அவன் காலடிகள் புத்தம் புதிதாக இருந்தன. இடது கால் நேராக. வலது கால் வெளியே திரும்பி.

அவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள். இந்தத் தடத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புங்க மரத்தைப் பார்த்தாள்.

"பாப்பா. இங்க வா."

பூங்குழலி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வருகிற மகளின் வலது ஷூ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மலர்கொடி கவனித்தாள்.

"ஷூவக் கழட்டு."

"எதுக்கும்மா?"

"கழட்டுடி!"

ஷூ வந்தது. சாக்ஸ் வர மறுத்தது, ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தபோது பூங்குழலி பல்லைக் கடித்தாள். விரலிடுக்கில் வெடிப்பு. பாதத்தின் ஓரமெல்லாம் வெளுத்து, உப்பு தின்ற புண். அளத்துக்காரியின் கால். அந்தக் கால் மகளுக்கு வரவே கூடாது என்றுதான் மலர்கொடி அவளை அளத்துப் பக்கமே விடாமல் வளர்த்தாள்.

"நீயாடி?"

"ம்."

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேருந்து. காலைல டியூஷனுக்கு முன்னாடி. அந்த ஓட்ட வழியா வருவேன்."

"ஒத்தையிலயா? இந்த எடத்துலயா? உனக்குப் பயமா இல்லியாடி?"

பூங்குழலி அம்மாவை நேராகப் பார்த்தாள். "எனக்கு இன்னா பயம்? எல்லாரும் அண்ணன் ஓடுதுன்னு நெனச்சிக்கினு கிட்டவே வரல. ஃபுல் கிரவுண்டும் எனக்குத்தான். வசதியா இருந்துச்சு."

வரிசையில் அருண்ராஜ் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

"எதுக்குடி ஓடுன?"

"உக்காந்தே இருந்தா செத்துடுவேன் போல இருக்குதும்மா."

மலர்கொடி கையை ஓங்கினாள். பிரிசில்லா மிஸ் ஓரடி முன்னால் வந்தாள். ஆனால் ஓங்கிய கை கன்னத்துக்குப் போகவில்லை. இறங்கி வந்து மகளின் நெஞ்சின் மேல், சட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில் படிந்து நின்றது.

அப்பன் கால். அண்ணன் கால். தங்கச்சி கால். கால் மட்டும்தான் வந்திருக்குமா?

வெற்றி விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சின்ன வயசு டாக்டர் சொன்னார். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாத நாள் அது. இது மட்டும் ஏறியது. பிறவியிலேயே பையனுக்கு இதயத்தில் கோளாறு, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மலர்கொடி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வருஷமாக இறங்கவே இல்லை.

"யோவ்" என்றாள். "அன்னிக்கு அந்த டாக்டரு ஒண்ணு சொன்னாருய்யா. நான் உங்கிட்ட…"

கலியபெருமாள் தரையைப் பார்த்தான். "கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"நானும் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. கலியபெருமாள்தான் கடைசியில் அதை வாயால் சொன்னான். "பாத்தா தெரிஞ்சிடும் இல்ல. தெரியாத வரைக்கும் அவ நல்லா இருக்கான்னு இருந்துடலாம்னு…"

டாக்டர் உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். அவர்கள் செத்துப்போன பிள்ளைக்கு ஒரு டிரெய்லர் உப்பு கொட்டினார்கள்.

"இன்னா பேசிக்கிறீங்க?" என்றாள் பூங்குழலி. "எனக்கு இன்னா?"

அவளுக்குப் பிரிசில்லா மிஸ்தான் பதில் சொன்னாள். "ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்டா. பாத்தாதான் தெரியும்." மலர்கொடி பக்கம் திரும்பினாள். "அம்மா, ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னா நானே கூட ஓடறேன். இருக்குதுன்னு சொன்னா அவர் எது செய்யலாம்னு சொல்றாரோ அத மட்டும் செய்யலாம். நடக்கலாம், கேரம் ஆடலாம், எதுவோ ஒண்ணு. ஆனா பூட்டி மட்டும் வெக்காதீங்க. பூட்டுனாலும் ஓடறது நிக்கலியே, பாத்தீங்க இல்ல. காலைல ஒத்தையா ஓடறப்போ இந்தப் பொண்ணு மட்டும்…"

மிஸ் பூங்குழலியின் வெடித்த காலைப் பார்த்தாள்.

மலர்கொடி மகளை இழுத்து, அவள் நெஞ்சில் காதை வைத்தாள். பிளஸ் ஒன் வகுப்பே பார்க்கிறது என்று பூங்குழலி நெளிந்தாள். "அம்மா, விடும்மா, மானமே போவுது." மலர்கொடி விடவில்லை. உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. வேகமாகத்தான் அடித்தது. ஆனால் எது சரியான சத்தம், எது தப்பான சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. வெற்றியின் நெஞ்சில் அவள் காதை வைத்தபோது கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

"அம்மா, அப்படியே ஒரு நிமிஷம்" என்று பக்கத்தில் ஒரு குரல். ஹெட்மாஸ்டர், கையில் போன். "பெற்றோர் பங்கேற்புன்னு ஒரு படம் கேட்டிருக்காங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினீங்கன்னா…"

"சார்" என்றாள் பிரிசில்லா மிஸ்.

அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, ஹெட்மாஸ்டர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு, முதல் தடவையாக, தரையில் கிடந்த தடங்களைப் பார்த்தார்.

"வாய்யா. பாண்டிக்கு" என்றாள் மலர்கொடி.

"இப்பவா? திங்கக்கெழம போனா…"

"இப்ப."

"பஸ்ஸுலன்னா கொஞ்சம்…"

"பஸ்ஸு வர்ற வரைக்கும் என்னால நிக்க முடியாது."

கேட்டை நோக்கி நடந்தார்கள். "மெள்ள வா, மெள்ள" என்று அடிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டு வந்தாள் மலர்கொடி. ஓட்டப் பந்தயத்துக்கென்று போட்ட அந்தக் கிரவுண்டில் அவ்வளவு மெதுவாக யாரும் நடந்ததில்லை. பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "மிஸ், நாங்க மிதிக்கறதா நிறுத்தறதா?" என்று அருண்ராஜ் கேட்டான். "மிதிங்க" என்றாள் மிஸ். "அந்தப் பக்கமும்." இந்த முறை வரிசை நடுவில் திரும்பவில்லை.

ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ஒரு டி.வி.எஸ்.ஸில் மூன்று பேர். முன்னால் கலியபெருமாள், நடுவில் பூங்குழலி, பின்னால் மலர்கொடி. மகளைச் சுற்றிக் கையைப் போட்டு, உள்ளங்கையை நெஞ்சின் மேலேயே வைத்திருந்தாள். அளம் முடிந்து, சவுக்குத் தோப்பு வந்து, கீழ்புத்துப்பட்டு நெருங்கியது.

"அம்மா."

"ம்."

"ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"புதங்கெழம ஓடறப்போ… அண்ணன் விழுந்துச்சு இல்ல, அந்த எடத்துக்கிட்ட. திடீர்னு படபடன்னு அடிச்சுது. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு."

மலர்கொடியின் கை இறுகியது. "விழுந்தியாடி?"

"இல்ல. விழத்தான் போனேன். யாரோ பின்னாலேருந்து சட்டையக் கொத்தாப் புடிச்சு நிறுத்துனாப்புல இருந்துச்சு."

"யாரு?"

"திரும்பிப் பாத்தேன். யாரும் இல்லம்மா." பூங்குழலி அம்மாவின் கையின் மேல் தன் கையை வைத்தாள். "ஆனா வுடல. நான் கீழ உக்கார்ற வரைக்கும் புடிச்சுக்கினே இருந்துச்சு."

காற்றில் கலியபெருமாளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்றுதான் மலர்கொடி நினைத்தாள். ஆனால் அவன், அதற்கு மேல் போகவே போகாத அந்த வண்டியை, இன்னும் முறுக்கினான்.